ஒன்பது வீட்டுக்கும் ஒரே எடை

2002 ஜூலை 9, செவ்வாய்

நேற்று ஒரு தவறு செய்துவிட்டேன். குழந்தைகளை எடை போடும் தராசில் தூளித்துணியை மாட்டிய பிறகு முள்ளைத் திருகிச் சுழியத்துக்குக் கொண்டுவர வேண்டும். மறந்துவிட்டேன். மழையில் நனைந்த துணி வேறு. ஆக, நேற்று கசார்வாடியில் நான் எழுதிய எல்லா எடையிலும் அந்த ஈரத்துணியும் சேர்ந்திருக்கிறது. இன்று காலை அலுவலகத்தில் வெறும் துணியை மாட்டிப் பார்த்தேன். முள் ஏறக்குறைய அரைக் கிலோவில் நின்றது. மேலதிகாரி விசாலாக்ஷி மேடத்திடம் சொல்லவில்லை. அதுவும் தவறுதான், அதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

மாலை வகுப்பு தொடங்க இன்னும் நேரம் இருக்கிறது. கேம்ப் பகுதியில் இந்தப் பள்ளிக்கூடக் கட்டடத்தில் பகலில் குழந்தைகள் படிக்கிறார்கள், மாலையில் நாங்கள் புள்ளியியல் படிக்கிறோம். பெஞ்சு தாழ்வாக இருக்கும், முழங்கால் இடிக்கும். வேலையில் பார்த்ததையெல்லாம் அன்றன்றே எழுதி வைக்கச் சொல்லி பத்ரிநாத் சார் முதல் வகுப்பிலேயே சொன்னார். நான் தமிழில் எழுதுகிறேன். அலுவலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் மேடம் ஒருவர்தான், அவர் அடுத்தவர் நோட்டைத் தொடமாட்டார். எனக்கே எழுத்துப்பிழை வரும். அப்பா விஷ்ராந்த்வாடி வீட்டில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த தமிழ் அவ்வளவுதான்.

எங்கள் வேலை இது. பழைய மும்பை நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் பட்டறைகளில் வேலை பார்க்கும் குடும்பங்கள், ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் வரிசை வரிசையாக இருக்கின்றன. பெரிய தொழிற்சாலைகளிலிருந்து பட்டறைகளுக்கு வந்துகொண்டிருந்த ஆர்டர் நின்றுபோனது. அதனால் எந்த வீட்டில் வேலை போயிருக்கிறது, எந்த வீட்டுக் குழந்தை இளைத்திருக்கிறது என்று மாதாமாதம் பார்த்து, ஒரு பெரிய வரைபடத்தில் குறிக்கிறோம். வேலை போன வீட்டின்மேல் பென்சிலால் குறுக்குக் கோடு. குழந்தை நன்றாக இருந்தால் பச்சை வட்டம், கொஞ்சம் குறைந்தால் மஞ்சள், மிகவும் குறைந்தால் சிவப்பு. வரைபடம் அந்த மக்களுடையது, அவர்கள் கண்முன் இருக்க வேண்டும் என்பது மேடத்தின் கொள்கை. அதனால் அது பால்வாடிச் சுவரில் தொங்குகிறது. எந்த வரிசைக்கு மதியச் சாப்பாட்டு மையம் தருவது என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். சனிக்கிழமை அறிக்கை போக வேண்டும்.

பவுன் அக்கா என்பவர் இருக்கும் வரிசையில் எடை போடும் வயதில் குழந்தை இருக்கிற வீடுகள் ஒன்பது. எல்லாம் தமிழ் வீடுகள். ஒன்பதின்மேலும் குறுக்குக் கோடு இருக்கிறது. ஒன்பதும் பச்சை.

மேடம் நேற்று மாலை பால்வாடிக்கு வந்து அதைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு சொன்னார்: "ஆச்சரியமா இருக்கு தீபா. ஒருத்தனுக்கும் வேலை இல்லே. குழந்தைகள் மட்டும் நன்னா இருக்கா. அந்தப் பொம்மனாட்டிகள் ஏதோ சாமர்த்தியமா பண்றா. மையத்தை வேற வரிசைக்குக் குடுத்துடலாம்."

நானும் தலையாட்டினேன். இன்று பிழையைத் திருத்த உட்கார்ந்தபோதுதான் எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பார்த்தேன். பன்னிரண்டு. பன்னிரண்டு. பன்னிரண்டும் ஒரு கோடும். பன்னிரண்டு. கடைசிவரை அப்படியே. ஜூனையும் மேயையும் எடுத்துப் பார்த்தேன். அதே.

அளந்த எண்கள் சிதறிக் கிடக்கும், ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் கருவி கெட்டிருக்கும், இல்லாவிட்டால் ஆள் என்று சார் சொல்லியிருக்கிறார். கருவி கெடவில்லை. அலுவலகத்தில் அரிசி மூட்டையைத் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டேன். அப்படியென்றால் நான்தான். ஒரு வீட்டில் எழுதியதையே அடுத்த வீட்டிலும் கை தானாக எழுதிவிட்டதா? நேற்று பார்த்த குழந்தைகளின் முகத்தை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். ஒரு முகமும் வரவில்லை. இருட்டு வீடு, மழைக்காகத் தலையில் போர்த்திய துண்டு, கன்னத்தில் மை. முள் எங்கே நின்றது என்பது மட்டும் ஒவ்வொரு வீட்டிலும் தெளிவாக ஞாபகம் இருக்கிறது.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. தூளியில் உட்கார வைக்கும்போது எந்தக் குழந்தையும் அழும். கையை மடக்கிக்கொள்ளும். நேற்று ஒன்றுகூட அழவில்லை. நான் குனிவதற்கு முன்பே இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றன.

மணி அடித்துவிட்டது.

2002 ஜூலை 10, புதன்

இன்று சொல்லாமல் போனேன். எடை போடும் நாள் என்றால் முந்தின நாளே பால்வாடியில் சொல்லி அனுப்புவது வழக்கம். இன்று துணியைக் காயவைத்து எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன். மதியம்தான், ஆனால் மழை இருட்டு. ஒரு ரயில் போய்க்கொண்டிருந்தது, பெட்டிகளுக்குள் விளக்கு எரிந்தது.

முதலில் மேரி அக்கா வீடு. கதவு திறந்திருந்தது. என்னையும் தராசையும் பார்த்ததும் அவர் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

"இன்னா தீபா, முந்தாநாள்தான வந்துட்டுப் போன?"

"தராசுல ஒரு தப்பு நடந்துடுச்சுக்கா. என் தப்புதான். ஸ்டெல்லாவ இன்னொரு வாட்டி எடை போட்டுட்டுப் போயிடறேன்."

"ஒக்காரு. மொதல்ல சாய் குடி."

அந்த வரிசையில் எல்லா வீட்டிலும் எனக்குச் சாய் கிடைக்கும். வேண்டாம் என்றாலும் விடமாட்டார்கள். சர்க்கரைக்குத் திண்டாடும் வீடுகளில் இவ்வளவு உபசாரமா என்று கூச்சப்பட்டிருக்கிறேன். இன்று, "வேணாங்க்கா, மழை பெருசாயிடும்" என்று சொல்லிவிட்டு நேராக விட்டத்துக் கொக்கியில் தராசை மாட்டினேன். தூளியை மாட்டினேன். முள்ளைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தேன். இரண்டு முறை பார்த்தேன்.

திரும்பியபோது மூலையில் சாக்கின்மேல் ஒரு குழந்தை படுத்திருந்தது. கண்கள் பெரிதாக இருந்தன. கையைப் பார்த்தேன். என் இரண்டு விரலுக்குள் அடங்கிவிடும்.

"இது யாருக்கா?"

மேரி அக்கா போய்க் குழந்தையின் சட்டையை இழுத்துவிட்டார்.

"இதுதான் ஸ்டெல்லாவா?"

"ஆமா."

"அப்ப திங்கக்கிழமை நான் எடை போட்டது?"

அப்போது பின்கதவு அசைந்தது. அந்த வீடுகளுக்கெல்லாம் பின்னால் சாக்கடையை ஒட்டி ஒரு சின்னப் பாதை உண்டு. அதன் வழியாக ஒரு சிறுமி உள்ளே வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. தலையில் துண்டு, கன்னத்தில் மை. எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. நேராகத் தராசுக்குக் கீழே வந்து நின்று, இரண்டு கைகளையும் மேலே தூக்கினாள்.

தராசு லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அவள் அண்ணாந்து அந்தக் கொக்கியைப் பார்த்தபடி, கையை இறக்காமல் நின்றாள்.

குனிந்து, "உன் பேரு என்னம்மா?" என்று கேட்டேன்.

அவள் மேரி அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சாக்கின்மேல் கிடந்த குழந்தையைப் பார்த்தாள். சின்னக் குரலில், "இது யாரு வூடு?" என்று கேட்டாள்.

மேரி அக்கா முகத்தைச் சேலையில் புதைத்துக்கொண்டார்.

"மேரியம்மா வூடு" என்றேன்.

"ஸ்டெல்லா" என்றாள் சிறுமி.

அவளைத் தூளியில் உட்கார வைத்தேன். ஏன் செய்தேன் என்று தெரியவில்லை. செய்யத் தெரிந்தது அது ஒன்றுதான். முள் பதினொன்றரையில் நின்றது. ஈரத்துணி இல்லாத உண்மையான எடை. மே மாதம் துணியைக் கழித்துவிட்டுத்தான் பன்னிரண்டு எழுதியிருந்தேன். அந்த எடையும் இவளுடையதுதான் என்றால், நடுவில் அரைக் கிலோ குறைந்திருக்கிறாள். என் தவறு அதை மூடியிருந்தது. மூன்று வயதுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பச்சைக் கோட்டுக்குக் கீழே போயிருந்தாள்.

தூளியிலிருந்து தூக்கியபோது இரண்டு கைகளாலும் என் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் விடவில்லை. குளிர்ந்த கைகள்.

அவள் பவுன் அக்காவின் மகள் என்று மேரி அக்கா சொன்னார். பெயர் அஸ்வினி. கொண்டுபோய் விடப் போனேன். பவுன் அக்கா வாசலிலேயே நின்றிருந்தார், செய்தி முன்னாலேயே போயிருக்க வேண்டும். அவர் நெடுஞ்சாலைப் பக்கத்தில் ஒரு கேன்டீனில் சமைத்துக்கொண்டிருந்தவர். பட்டறைகள் மூடியதும் கேன்டீனும் மூடிவிட்டது. நான் குழந்தையை இறக்கிவிட்டேன்.

"கண்டுபுடிச்சிட்டியா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "ஒரு வயசுப் புள்ளைய மூணு வயசுன்னு சொன்னாலும் எழுதிக்குவ, மூணு வயசுப் புள்ளைய ஒம்பது வூட்டுல பாத்தாலும் எழுதிக்குவ. நல்ல காட்டாக்காரி."

காட்டா என்றால் இங்கே தராசு. வரிசை முழுக்க எனக்கு அதுதான் பெயர்.

"ஏங்க்கா இப்படி? எடை கொறைஞ்சாத்தான சாப்பாடு வரும்? நாலு மாசமா இதைத்தான சொல்லிட்டு இருக்கேன்."

"சாப்பாடு வரும். அதுக்கு முன்னாடி பொட்டு வருமே."

எனக்குப் புரியவில்லை. அவர் சொல்லச் சொல்லத்தான் புரிந்தது. ஏப்ரலில் முதல் முறை எடை போட்டபோது சிவப்பு ஒட்டுவட்டம் தீர்ந்துபோயிருந்தது. பஸ் நிறுத்தத்துக்கு எதிரிலிருந்த ஃபேன்சி கடையில் ஸ்டிக்கர் பொட்டு ஒரு அட்டை வாங்கி, அதை ஒட்டினேன். நல்ல யோசனை என்று எனக்கு நானே சந்தோஷப்பட்டுக்கொண்டதும் ஞாபகம் இருக்கிறது. இந்த வரிசையில் இரண்டு வீட்டுக்கு ஒட்டினேன். மேரி அக்கா வீட்டுக்கு ஒன்று. லீலா அக்கா வீட்டுக்கு ஒன்று.

"நீ பொட்டு வச்சிட்டுப் போன. மே மாசம் ரெண்டு வூட்டுப் புள்ளைக்கும் ஜுரம். கங்கம்மா சாமி கொயந்தைய எடுத்துக்கற வூட்டுக்குப் பொட்டு வச்சிட்டுப் போவான்னு எங்க ஊர்ப்பக்கம் ஒரு பேச்சு உண்டு. நாங்க அத நம்பறவங்க இல்ல. இருந்தாலும் மேரி, அவ வேதக்காரி, சர்ச்சுக்குப் போறவ, அவளே பயந்துபோயி பால்வாடிக்கு ஓடி அவ வூட்டுப் பொட்ட மட்டும் பிச்சிட்டு வந்தா. மறுநாள் ஸ்டெல்லாவுக்கு ஜுரம் எறங்கிடுச்சி."

"லீலாக்கா?"

"லீலா ஆஸ்பத்திரியில இருந்தா. பொட்ட எடுக்க ஆளில்ல."

லீலா அக்காவின் மகன் தினேஷ் மே மாதம் இறந்துபோனது எனக்குத் தெரியும். நான்தான் வரைபடத்தில் எழுதி, எடை போடும் கணக்கிலிருந்து அந்த வீட்டை எடுத்தேன்; பொட்டை மட்டும் எடுக்கவில்லை. மேரி அக்கா வீட்டுப் பொட்டு விழுந்திருந்ததையும் கவனித்திருந்தேன். ஈரத்தில் பசை விட்டுவிட்டது என்று நினைத்து, அந்த மாத எடையைப் பார்த்துப் பச்சை ஒட்டினேன்.

ஒரு வீட்டில் எடுத்தார்கள், பிழைத்தது. ஒரு வீட்டில் எடுக்கவில்லை, பிழைக்கவில்லை. இரண்டே இரண்டு நிகழ்வை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்று வகுப்பில் எழுதியிருக்கிறேன். பரீட்சையில் அதற்கு முழு மதிப்பெண். அந்த வாசலில் நின்றுகொண்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"அதுலேர்ந்து எம் பொண்ணக் குடுத்து அனுப்பினோம். அவதான் அப்ப குண்டா இருந்தா, கேன்டீன் சோறு. நீ சாய் குடிக்கற நேரத்துல பின்னாடியே தூக்கிட்டுப் போயி சட்டைய மாத்துவாங்க. அவ எளைக்கக் கூடாதுன்னு எல்லா வூட்டுலயும் ஆளுக்கு ஒரு வாய் ஊட்டினாங்க. அவங்க புள்ளைக்கு இல்லாத வாய். இப்ப எந்த வூட்டுல இன்னா இருக்கு ஊட்டறதுக்கு?"

சிறுமி எங்கள் நடுவில் நின்று தராசுப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது போவட்டும்" என்றார் பவுன் அக்கா. குரல் தாழ்ந்துவிட்டது. "இப்ப இவ திரும்ப மாட்டேன்றா. பாரு." மகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு கூப்பிட்டார். "அஸ்வினி."

அவள் திரும்பவில்லை.

"ஸ்டெல்லா."

உடனே திரும்பினாள். "ரமா வூட்டு விஜய்" என்றார். அதற்கும் திரும்பினாள். ஆண்பிள்ளைப் பெயர். பிறகு பவுன் அக்கா கொஞ்சம் தயங்கி, "தினேஷ்" என்றார். அதற்கும் திரும்பி, இரண்டு கைகளையும் மேலே தூக்கினாள்.

2002 ஜூலை 11, வியாழன்

காலையில் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். துணி, எண்கள், பொட்டு, அஸ்வினி. பேசும்போது என் குரல் வேறு யாருடையதோ போலக் கேட்டது. வேலையை விட்டுப் போகச் சொல்லுவார் என்று நினைத்தேன். அவர் மூன்று மாதத் தாள்களையும் எடுத்து மேஜைமேல் வரிசையாகப் பரப்பினார்.

"மூணு மாசமா ஒரே குழந்தையையா எடை போட்டே?"

"ஆமாம் மேடம்."

"நானும் மூணு மாசமா அதைப் படிச்சிண்டுதானே இருந்தேன்." பிறகு சொன்னார்: "நாளைக்கு எல்லாக் குழந்தையையும் ஒரே நேரத்துல பால்வாடிக்கு அழைச்சிண்டு வரச் சொல்லு. எல்லார் கண்ணெதிர்லயும் எடை போடு. சரியான எடை வந்தா அறிக்கையை மாத்தறேன், மையம் அவாளுக்குத்தான். வரலேன்னா அந்த வரிசையை விட்டுட்டுத்தான் அனுப்பணும். பொய்க் கணக்கை அனுப்ப முடியாது."

"வரைபடம்?"

"எடுத்துடு. இன்னிக்கே."

மதியம் போனேன். பால்வாடியில் யாருமில்லை, சாவியை டீச்சரிடம் வாங்கிக்கொண்டேன். வரைபடம் ஈரத்தில் அலையலையாக உப்பியிருந்தது. லீலா அக்கா வீட்டுப் பொட்டை நானே கிழிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் கிட்டப் போனேன். அது அங்கே இல்லை. அந்த இடத்தில் காகிதம் வட்டமாகப் பிய்ந்து வெள்ளையாக இருந்தது. திங்கட்கிழமைகூட இருந்தது, நான் பார்த்தேன். பார்த்தேனா? இப்போது எதையும் பார்த்தேன் என்று சொல்லப் பயமாக இருக்கிறது. வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டேன்.

பவுன் அக்கா வீட்டில் எல்லாரும் இருந்தார்கள். லீலா அக்காவும் இருந்தார், சுவரோரமாக. நான் சொல்வதைச் சொன்னேன். இனிப் பொட்டு கிடையாது, வரைபடம் கிடையாது, எடையை உரக்கச் சொல்ல மாட்டேன், எழுதி மட்டும் வைப்பேன். நாளை எல்லாக் குழந்தையும் வந்தால்தான் சாப்பாடு.

"எழுதறதுக்கு மட்டும் கண்ணு இல்லையா?" என்று ரமா அக்கா கேட்டார். "நீ கலியாணம் பண்ணிப் பெத்துக்க, அப்பறம் உன் புள்ளைய இதுல தொங்கவுடு, பாக்கலாம்."

சிலர் சிரித்தார்கள். லீலா அக்கா சிரிக்கவில்லை. அவர்தான் கடைசியில் பேசினார். என்னைப் பார்த்துப் பேசவில்லை, பவுன் அக்காவைப் பார்த்துப் பேசினார்.

"எம் புள்ள பேரச் சொல்லியும் இவளக் கூப்புட்டு ஊட்டிவுட்டோம். அவன் போனப்பறம் ஒரு மாசம். பேரு அழிஞ்சிடக் கூடாதுன்னு நான்தான் கேட்டேன். இவ எல்லாப் பேரையும் சொமந்துக்கினு நிக்கறா. மொதல்ல இவளத் திருப்பிக் குடுக்கணும்."

அப்புறம் பவுன் அக்கா என்னிடம் சொன்னார்: "நாளைக்கு எம் பொண்ண மொதல்ல போடு. தூளிகிட்ட நின்னு அவ பேரச் சொல்லிக் கூப்புடு. அவ பேருக்கு அவளே திரும்பி வந்தா, மீதி எட்டும் வரும். வரலைன்னா உன் காட்டாவ எடுத்துக்கினு போயிடு, சோறும் வேணாம் ஒண்ணும் வேணாம்."

சரி என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்ல முடியும்? அஸ்வினி அங்கே இல்லை. எந்த வீட்டில் இருக்கிறாள் என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உன் வூட்டுலதான இருக்கா என்று ஒருவர் இன்னொருவரைக் கேட்டார்.

கிளம்பும்போது பின்பாதை வழியாகப் போனேன். கடைசி வீட்டின் பின்கதவுப் படியில் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து கைகளைத் தூக்கினாள். பையைக் கீழே வைத்துவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டேன். நேற்றுப் போலவே கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பவுன் அக்காவிடம் கொடுத்துவிட்டு பஸ் பிடித்தேன்.

வகுப்பில் எனக்குப் பின்பெஞ்சு ஷபானா. வந்து உட்கார்ந்ததுமே சிரித்தாள். "ஏய் தீபா, கழுத்துக்குப் பின்னாடி பிந்தி எதுக்கு ஒட்டிகிட்டிருக்கே? புது ஃபேஷனா?"

"எங்கே?"

"இரு." பின்கழுத்திலிருந்து எதையோ உரித்து என் உள்ளங்கையில் வைத்தாள். சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு. வெயிலில் இருந்து நிறம் மங்கியது. திருப்பிப் பார்த்தேன். பின்னால் வரைபடத்தின் காகிதம் வட்டமாக ஒட்டிக்கொண்டிருந்தது, ஓரத்தில் மட்டும் இன்னும் பசை. அதில் என் கையெழுத்தில் லீலா அக்கா வீட்டு எண்.

சார் கரும்பலகையில் ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறார். நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பொட்டு நோட்டின் ஓரத்தில் இருக்கிறது. மூடினால் எந்தப் பக்கத்திலாவது ஒட்டிக்கொள்ளும். அதனால் மூடாமல் வைத்திருக்கிறேன். ஃபேன் காற்றில் பக்கம் எழும்பும்போதெல்லாம் அது கொஞ்சம் நகர்கிறது.

நாளை: தூளித்துணியைக் காயவைத்து எடுத்துப் போக வேண்டும். தூளியை மாட்டிய பிறகு முள்ளைச் சுழியத்துக்குக் கொண்டுவர வேண்டும். முதலில் அஸ்வினியை, பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.